உயரும் கட்டடங்கள்: ஹதீஸ் சொன்ன அடையாளமும் நம் வீட்டு மாடியும்



ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்து நபி (ஸல்) அவர்களிடம் கேள்விகள் கேட்ட ஹதீஸை நாம் மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் மூன்றும் அதில் விளக்கப்படுகின்றன. இறுதியில், மறுமை நாள் எப்போது என்று கேட்கப்படுகிறது. அது பற்றிக் கேட்டவரைவிடத் தமக்குக் கூடுதலாகத் தெரியாது என்று கூறிய நபியவர்கள், அதன் அடையாளங்கள் இரண்டைச் சொன்னார்கள். அவற்றுள் ஒன்று, காலில் செருப்பும் உடலில் சரியான உடையும் இல்லாத ஏழை ஆட்டிடையர்கள் உயரமான கட்டடங்கள் கட்டுவதில் போட்டி போடுவது. உமர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ், ஸஹீஹ் முஸ்லிமின் ஈமான் பாடத்தில் முதலில் இடம்பெற்றுள்ளது. புகாரியில் உள்ள அபூஹுரைரா (ரலி) அறிவிப்பில் ஒட்டகம் மேய்ப்பவர்கள் என்று வருகிறது.

துபாய் கோபுரத்தின் படத்தோடு இந்த ஹதீஸ் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லி அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். அரபிகளைப் பற்றிய செய்தி என்று நினைத்து நகர்ந்துவிடுகிறோம். அது நம்மையும் பற்றியதா என்பதே இந்த மாதப் பாடம்.

பாலைவனத்தில் நடந்த மாற்றம்

நூறு ஆண்டுகளுக்கு முன் வளைகுடாக் கரையில் முத்துக்குளிப்பும் பேரீச்சையும் மீனும்தான் பிழைப்பு. உள்நாட்டு மணல்வெளியில் ஒட்டகமும் ஆடும் மேய்த்து, மழை பெய்த இடம் தேடி அலைந்தவர்கள் பதூக்கள் எனப்படும் நாடோடி அரபிகள். ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும், 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து முத்துத் தொழிலை முடக்கின. அதே காலத்தில் மண்ணுக்குள்ளிருந்து வேறொரு செல்வம் வெளிப்பட்டது. பஹ்ரைனில் 1932லும், சவூதியிலும் குவைத்திலும் 1938லும், அபுதாபியில் 1958லும், துபாயில் 1966லும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது.

1940களின் பிற்பகுதியில் ரூபுல் காலி பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்த ஆங்கிலேயப் பயணி வில்ஃப்ரட் தெசிகர், தம்மோடு வந்த பதூ இளைஞர்கள் பட்ட பசியையும் தாகத்தையும் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தலைமுறை கண்மூடும் முன்பே துபாயில் 39 மாடி உலக வர்த்தக மையம் 1979ல் திறக்கப்பட்டது. 2010ல் 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா வந்தது. மக்காவின் மணிக்கூண்டுக் கோபுரம் 601 மீட்டர். ஜித்தாவில் ஆயிரம் மீட்டரைத் தாண்டும் திட்டத்தோடு இன்னொன்று எழும்புகிறது. ஒன்றைவிட இன்னொன்று உயரம் என்ற அந்தப் போட்டி கண்முன்னே நடக்கிறது.

மாற்றத்துக்கு எண்ணெய் மட்டும் காரணமல்ல. 1912லேயே மன்னர் இப்னு சஊத் நஜ்தின் அர்தாவிய்யாவில் பதூக்களைக் குடியமர்த்தத் தொடங்கினார். பிறகு நாட்டு எல்லைகள் வந்தன. மேய்ச்சல் வழிகள் அடைபட்டன. அரசுச் சம்பளமும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுத்த வீடும் வந்தன. ஒட்டகம் செய்த வேலையை லாரியும் பிக்கப் வண்டியும் எடுத்துக்கொண்டன.

பதூக்களைப் பழிக்கும் ஹதீஸா?

அப்படிப் படிப்பது தவறு. மறுமையின் அடையாளமாகச் சொல்லப்பட்ட எல்லாமே ஹராமோ பழிக்கத்தக்கதோ அல்ல என்று இமாம் நவவி விளக்குகிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் இடையர்கள் கட்டடம் எழுப்புவதும் ஒன்று. சூரா தவ்பா கிராமவாசி அரபிகளில் சிலரைக் கடுமையாகக் கண்டித்த கையோடு, 99ஆவது வசனத்தில் அவர்களிலேயே ஈமான் கொண்டு செலவிடுவோரைப் புகழ்கிறது.

நடந்த வரலாறும் அவ்வளவு எளிதல்ல. சவூதி அரச குடும்பம் திர்இய்யா என்ற ஊரில் நிலைத்து வாழ்ந்தவர்களின் வழிவந்தது. மறுபுறம், குவைத்தில் 1959 குடியுரிமைச் சட்டம் வந்தபோது பதிவு செய்யாமல் விடுபட்ட பாலைவனக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்றும் நாடற்றவர்களாக, "பிதூன்" என்ற பெயரில் வாழ்கிறார்கள். இடையர் எல்லாருக்கும் கோபுரம் கிடைத்துவிடவில்லை.

ஆகவே ஹதீஸின் எடை யார் கட்டுகிறார் என்பதைவிட, எதற்காகக் கட்டுகிறார் என்பதில் இருக்கிறது. அதில் வரும் "யததாவலூன்" என்ற சொல், ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பதைக் குறிக்கும். திடீரென வந்த செல்வம் முதலில் போய்ச் சேரும் இடம் பெருமை என்பதே எச்சரிக்கை.

அந்தப் போட்டி நம் தெருவுக்கு வந்த வழி

வெளிநாட்டுப் பணம் நமக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் சைகோனுக்குக் கப்பலேறி வணிகம் செய்தார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல் அங்கே கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1970களுக்குப் பிறகு நம் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள். அந்தக் கோபுரங்களுக்குக் கம்பி கட்டியவர்களிலும் மின்சார வேலை பார்த்தவர்களிலும் தமிழர்கள் உண்டு.

அங்கே உயரம் கூட்டிய கை, ஊருக்கு அனுப்பிய பணத்தில் இங்கேயும் உயரம் கூட்டுகிறது. எதிர்வீட்டில் இரண்டு மாடி என்றால் நம் வீட்டில் மூன்று. தரைக்குக் கிரானைட், முகப்புக்கு வேலைப்பாடு. கையிருப்பு தீர்ந்ததும் மனைவியின் நகை அடகுக்குப் போகிறது, பிறகு வட்டிக்கடன். சம்பாதிப்பவரோ ஓர் அறையில் ஆறு பேரோடு அடுக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார். அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. வேலை போய்த் திரும்பி வந்தால், மாடி இருக்கும். மளிகைக்குக் காசு இருக்காது. அப்படி உதவி கேட்டு வரும் குடும்பங்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

வீடு கட்டக்கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. விசாலமான வீடு ஒரு பாக்கியம் என்றே ஹதீஸ் உண்டு. ஆனால் கப்பாப் (ரலி) அவர்கள் தமது சுவரைக் கட்டிக்கொண்டிருந்தபோதே, ஒரு முஸ்லிமின் எல்லாச் செலவுக்கும் கூலி உண்டு, மண்ணில் போடுவதைத் தவிர என்று நினைவூட்டினார்கள். தேவைக்கு மேல் போவதையே அறிஞர்கள் இதற்கு விளக்கமாகச் சொல்கிறார்கள். பள்ளிவாசல்களும் விலக்கல்ல: பள்ளிகளைக் கொண்டு மக்கள் பெருமையடிப்பதும் மறுமையின் அடையாளம் என அபூதாவூதில் வருகிறது. மினாராவை உயர்த்த வசூல் செய்யும் ஜமாஅத், அதே மஹல்லாவில் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

இந்த மாடியில் யார் குடியிருக்கப் போகிறார்கள்? எதிர்வீடு இல்லாவிட்டாலும் இதைக் கட்டுவோமா? இந்த வருட ஜகாத் கொடுத்தாகிவிட்டதா? வட்டி இல்லாமல் முடிக்க முடியுமா? சம்பளம் நின்றால் ஆறு மாதம் சாப்பிட வழி இருக்கிறதா? வரைபடம் போடும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, தொலைபேசியிலாவது, இவற்றைப் பேசிக்கொள்ளட்டும். பதில் சரியாக இருந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கட்டுங்கள்.

மறுமை நாள் எப்போது என்று நபியவர்களிடம் கேட்டவர்களில் ஒரு பாலைவனவாசியும் உண்டு. புகாரியில் அது பதிவாகியுள்ளது. அதற்காக என்ன தயார் செய்திருக்கிறாய் என்று நபியவர்கள் அவரைத் திருப்பிக் கேட்டார்கள். அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பதைத் தவிரத் தம்மிடம் வேறில்லை என்றார் அவர். நேசிப்பவர்களோடு இருப்பாய் என்ற நற்செய்தி அவருக்குக் கிடைத்தது. அவரிடம் மாடி இருந்ததா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

அல்லாஹ் நமக்குப் போதுமென்ற மனத்தையும் கடனற்ற வாழ்வையும் தருவானாக. ஆமீன்.