ஶ்ரீ நம்பர் மைனரும் அம்மாவின் சேமலாப நிதியும்
வாகனம்: கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு 22 வயது. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வீடு, பதுளை டவுனில் போன் கடையில் வேலை. போன வருடம் லைசன்ஸ் எடுத்தேன். பண்டாரவளையில் ஒருவர் தன் மொரிஸ் மைனரை விற்கப்போகிறார். அறுபதுகளில் வந்த கார், ஶ்ரீ நம்பர், ஓடுகிற நிலையில் இருக்கிறது. பழைய கார் விலை வருடா வருடம் ஏறுகிறதே, கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு இலாபத்துக்கு விற்கலாம் என்பது என் கணக்கு. கைப்பணம் போதாது. கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா, தன் சேமலாப நிதிப் பணத்தைத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்)

பதில்: தம்பி, அம்மாவின் பணத்தைத் தொடாதீர்கள். 2021 வரை ஆயிரம் ரூபாவை எட்டாத நாட்சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துச் சேர்த்த பணம் அது. மைனர் மீது உங்களுக்குள்ள ஆசையை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அந்தக் கார் மேல் ஆசைதான். ஆனால் ஆசைக்கு வாங்குவது வேறு, முதலீட்டுக்கு வாங்குவது வேறு. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்க்கிறீர்கள்.

விலை ஏன் ஏறியது என்று முதலில் பாருங்கள். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. நாட்டுக்குள் புதுக் கார் வராததால், இருந்த கார்களையே திரும்பத் திரும்ப வாங்கி விற்றார்கள். ஓடித் தேய்ந்த வாகன் ஆர்கூட புதிதாக வாங்கிய விலையைத் தாண்டியது. பிறகு 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து ஒருசில மாதங்களில் 360 வரை போனது. காரின் பெறுமதி கூடியதாக நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, ரூபாவின் பெறுமதி இறங்கியதுதான். 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கிவிட்டன. வரி கடுமையாக இருப்பதால் விலை சரிந்து விழவில்லை. ஆனாலும் அந்த ஐந்து வருட ஏற்றம் அப்படியே தொடரும் என்று நம்பி ஓய்வுக்காலப் பணத்தைப் போடக்கூடாது.

மைனருக்குத் தனிக் காரணமும் உண்டு என்பது சரிதான். 1948இல் அறிமுகமான கார், 1970களின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுவிட்டது, இனி ஒன்றுகூட வராது. இலங்கையில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. தொண்ணூறுகளில் அதன் உடற்பாகங்களை இங்கேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் நல்ல விலை எல்லா மைனருக்கும் கிடைக்காது. துருப்பிடிக்காத உடம்பு, பதிவுப் புத்தகத்தில் உள்ள அதே எஞ்சின், ஒழுங்கான பத்திரம் மூன்றும் இருக்கிற காருக்குத்தான் கிடைக்கும். ‘ஓடுகிற நிலை’ என்று விளம்பரத்தில் போடுவது வேறு. டிங்கரிங், பெயின்ட் வேலைக்கு ஒருமுறை கராஜில் விட்டால், செலவழித்த பணம் விற்கும்போது அப்படியே திரும்பாது. வாங்க ஆளும் உடனே அகப்படாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நாளைக்கே விற்றுக் காசாக்க முடியுமா?

பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், ஒரு சாக்கும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துப்போங்கள். மைனருக்கு லேண்ட்ரோவர் மாதிரித் தனிச் சேஸி கிடையாது, உடம்புதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. சாக்கை விரித்துக் கீழே படுங்கள். பின் ஸ்பிரிங் பட்டையின் முன்முனை பொருந்துகிற இடம், கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதி, கால் வைக்கும் தளம், இந்த மூன்றையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மேலே பளபளப்பு, அடியில் மட்டும் புதிதாகக் கறுப்புத் தார் என்றால் இன்னும் கவனம்.

அடுத்தது பிரேக். இதில்தான் எனக்கு உங்களைப் பற்றிக் கவலை. மைனரின் நான்கு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே லைன். ஒரு குழாய் வெடித்தால் கால்பிரேக் முழுவதும் போய்விடும். பிரேக் ஒயில் ஊற்றும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தளத்துக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைக் கழற்றினால்தான் அளவு தெரியும். அதனாலேயே பலர் பார்ப்பதில்லை. நான்கு கியர் உண்டு, ஆனால் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் இல்லை. இறக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரத்துக்கு முதல் கியர் போட முயன்றால் பல் கடிக்கும், விழாது. பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரம், அப்புத்தளை 1,400க்கும் மேல். ஏறும்போது ரேடியேட்டரைப் பார்த்தால் போதும். இறங்கும்போது உயிர் முழுக்க பிரேக்கில்தான். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 14 பேர் இறந்ததை உங்கள் ஊர் மறந்திருக்காது. 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அனுபவமுள்ளவர்களுக்கே கஷ்டமான வீதிகளில், லைசன்ஸ் எடுத்து ஒரு வருடமான நீங்கள் அறுபது வருடப் பிரேக்கை நம்பித் தினமும் வேலைக்குப் போவதை என்னால் சரியென்று சொல்ல முடியாது.

பத்திரம் விற்பவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். ‘ஓப்பன் பேப்பர்’ என்று கையெழுத்து மட்டும் வைத்துத் தந்தால் வாங்க வேண்டாம். புத்தகத்தில் பெயருள்ளவர் எப்போதோ இறந்திருக்கலாம். மைனரில் ஜப்பான் எஞ்சின் மாற்றிப் பொருத்துவது இங்கே சகஜம். அப்படி மாற்றியிருந்தால் புத்தகத்திலும் பதிந்திருக்க வேண்டும்.

ஶ்ரீ நம்பருக்குச் சிலர் கூடுதல் விலை கேட்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1957இல் ‘ஶ்ரீ’ என்ற அந்தச் சிங்கள எழுத்து வாகனத் தகடுகளுக்கு வந்தபோது தமிழர்கள் அதை எதிர்த்தார்கள். அடுத்த வருடம் அந்த எதிர்ப்பு மலையகத்துக்கும் வந்தது. அந்தத் தகட்டோடு கார் வைத்திருப்பது தவறில்லை. தகட்டுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கும் முன் இதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் யோசனை இதுதான்: உங்கள் சொந்தச் சேமிப்புக்குள் அடங்குகிற ஒரு மாருதி 800, இல்லாவிட்டால் பழைய ஆல்டோ. பாகம் எந்த டவுனிலும் கிடைக்கும், எந்த கராஜ் பாஸுக்கும் வேலை தெரியும். இரண்டு மழைக்காலம் அதில் மலை ஓட்டிப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மைனர் வேலை பார்க்கும் கராஜில் போய் நின்று கையில் கிரீஸ் படட்டும். அதற்குப் பிறகு உங்கள் காசில் மைனர் வாங்குங்கள், அப்போது எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: மகனுக்கு 19 வயது. தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயம் பார்த்ததிலிருந்து, பின்சக்கரத்தில் இழுக்கும் பழைய லான்சர் பொக்ஸ் ஒன்றை வாங்கி ‘மொடிஃபை’ பண்ணவேண்டும் என்கிறான். தடுப்பதா, விடுவதா?
(அப்புத்தளையிலிருந்து ஒரு தந்தை)

பதில்: தடுத்தால் ஒளித்துச் செய்வான், ஐயா. வாங்க விடுங்கள், ஆனால் பணம் எதற்குப் போகிறது என்பது உங்கள் கையில் இருக்கட்டும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அதே பொக்ஸ்ஹில்லில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள் மீது ஏறி ஏழு பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. பழகிய ஓட்டுநர்கள் ஓடுகிற பந்தயத் திடலிலேயே அது நடந்தது. தோட்டத்து ரோட்டிலோ பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். பந்தயம் வேண்டுமென்றால் ஒழுங்காக நடத்தப்படும் போட்டியில், தலைக்கவசத்தோடு ஓடட்டும். வீட்டு ரோட்டில் வேண்டாம் என்று நேரே சொல்லிவிடுங்கள்.

வெட்டாமல் ஒட்டாமல் கம்பனியில் வந்தபடியே இருக்கிற லான்சருக்குத்தான் விலை நிற்கும், இதையும் சொல்லுங்கள். சைலன்ஸருக்கும் ஸ்டிக்கருக்கும் முன்னால் பிரேக், ஸ்டியரிங் முட்டுகள், டயர். பின்சக்கரத்தில் இழுக்கும் கார் நனைந்த வளைவில் பின்பக்கம் வழுக்கும், பழைய டயரில் இன்னும் மோசம். டயரின் வரிப்பள்ளம் ஆழமாகத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். 1215 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 12ஆம் வாரத்தில் செய்தது. அந்த டயரை மாற்றிவிட்டுத்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.