காலியைக் காட்டும் முள்

ஜீப் வண்டியைப் பார்க்காத மாணவர் இருக்க முடியாது. இரண்டாம் உலகப் போரில் படைகளுக்கு உழைத்த அவ்வண்டி, 1945-இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான உருவில் விற்பனைக்கு வந்தது. ‘சி.ஜே.’ எனப்பட்ட அந்த வரிசையில் சி.ஜே.-7 என்னும் வகை 1976 முதல் 1986 வரை செய்யப்பட்டது. மலை, மணல், சேறு என்று சாலையில்லா இடங்களில் ஓடுவதற்கென்றே அமைந்த வண்டி அது. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. ஆனால் வயதான வண்டியின் பெட்ரோல் தொட்டி துருப்பிடித்துக் கசியத் தொடங்கினால் அதை மாற்றியே ஆக வேண்டும்.

ஒருவர் தம் வண்டிக்குப் புதுத் தொட்டியையும், பெட்ரோலின் அளவை உணர்ந்து சொல்லும் ‘மிதவை அமைப்பை’யும் பொருத்துகிறார் என்று கொள்வோம். 20 லிட்டர் பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்புகிறார். ஆனால் அளவுமானியின் முள் ‘காலி’ என்ற இடத்தை விட்டு அசையவில்லை! எல்லாம் புதியவை, ஆயினும் ஏன் இப்படி? இதற்கு விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

தொட்டி ஏன் அடியில் துருப்பிடிக்கிறது?

பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெளிக்காற்று புகுகிறது. இரவில் தொட்டி குளிரும்போது, அக்காற்றிலுள்ள நீராவி சுவரில் துளிகளாகப் படிந்து கீழே வழிகிறது. ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோகிராம்; ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையோ ஏறத்தாழ முக்கால் கிலோகிராம்தான். ஆகவே நீர் அடியில் தங்கிவிடுகிறது. இரும்பும் நீரும் ஆக்சிஜனும் கூடினால் துரு உண்டாகும் அல்லவா? வெளிப்புறத்தில் ஒட்டும் ஈரச்சேறும் இதற்குத் துணை செய்கிறது.

மிதவையும் மின்தடையும்

தொட்டிக்குள் ஒரு மிதவை பெட்ரோலின்மேல் மிதக்கிறது. அதைத் தாங்கும் கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைச் சுருளின்மேல் நகர்கிறது. சி.ஜே.-7 வண்டியில் தொட்டி காலியாக இருக்கும்போது தடை 73 ஓம். பாதி நிறைந்தால் 23 ஓம். முழுதும் நிறைந்தால் 10 ஓம்.

ஓட்டுநருக்கு எதிரே உள்ள மானியில் ஓர் ஈருலோகத் தகடும், அதைச் சூடாக்கும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. மின்னோட்டம் மிகுந்தால் சூடு மிகும், தகடு வளையும், முள் ‘முழுமை’யை நோக்கி நகரும். சூடேறச் சற்று நேரம் ஆவதால்தான் முள் மெதுவாக எழுகிறது. வண்டி குலுங்கிப் பெட்ரோல் அலம்பினாலும் முள் துள்ளாமலிருப்பதற்கும் இதுவே காரணம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 73-க்கும் 10-க்கும் நடுவே உள்ள எண் 41.5 ஆயிற்றே! பாதித் தொட்டிக்கு 23 ஓம் ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மானிக்குச் செல்லும் மின்னழுத்தம் சராசரியாக 5 வோல்ட். மானிச் சுருளின் தடையைக் கணக்குக்காக 20 ஓம் என்று கொள்வோம்.

காலி: மொத்தத் தடை 93 ஓம், மின்னோட்டம் 0.054 ஆம்பியர்.
பாதி: மொத்தத் தடை 43 ஓம், மின்னோட்டம் 0.116 ஆம்பியர்.
முழுமை: மொத்தத் தடை 30 ஓம், மின்னோட்டம் 0.167 ஆம்பியர்.

மின்னோட்டத்தின் இருமடியைச் சுருளின் தடையால் பெருக்கினால் வெப்பத்திறன் கிடைக்கும். அது முறையே 0.06, 0.27, 0.56 வாட். பாதித் தொட்டிக்குரிய வெப்பம் ஏறத்தாழ நடுவில் அமைகிறது. முள்ளும் நடுவில் நிற்கும். 41.5 ஓம் வைத்திருந்தால் வெப்பம் 0.13 வாட்தான் இருக்கும். பாதித் தொட்டியைக் கால் தொட்டிக்கும் குறைவு என்றே முள் காட்டும்!

முள் ஏன் அசையவில்லை?

மானியிலிருந்து மிதவை அமைப்பிற்கு ஒரே ஒரு கம்பிதான் செல்கிறது. மின்னோட்டம் திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டமே. இதை மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்பார்கள். புதுத் தொட்டியின்மீது பெயிண்ட் கனமாகப் பூசியிருக்கலாம். தொட்டிக்கும் சட்டத்திற்கும் இடையே ரப்பர் பட்டைகள் இருக்கலாம். தொட்டியே பாலிஎத்திலீனால் ஆனதாகவும் இருக்கலாம். இவை மூன்றும் மின்கடத்தாப் பொருள்கள். திரும்பும் வழி அடைபட்டால் மின்னோட்டம் இல்லை, சூடு இல்லை, முள் ‘காலி’யிலேயே நிற்கும். மிதவை அமைப்பிலிருந்து சட்டத்திற்கு ஒரு தனிக் கம்பி இணைத்தால் குறை தீர்ந்தது.

வேறு வகை மிதவை அமைப்பை மாற்றிப் பொருத்துவது இன்னும் கேடானது. சில அமெரிக்க வண்டிகளில் காலிக்கு 0 ஓம், முழுமைக்கு 90 ஓம். அதை இந்த ஜீப்பில் பொருத்தினால் காலித் தொட்டியை ‘முழுமை’ என்று முள் காட்டும். பாலைவனத்தின் நடுவே உண்மை தெரியவந்தால் என்ன ஆகும்? எனவே பொருத்தும் முன்பே, மேசைமேல் வைத்து, மிதவையை மேலும் கீழும் அசைத்து ஓம்மானியால் தடையை அளந்து பார்ப்பதே முறை.

ஒரு தேக்கரண்டி பெட்ரோல்

“பழைய தொட்டி காலிதானே, பற்றவைத்து ஓட்டையை அடைத்துவிடலாம்” என்று எண்ணுவோர் உண்டு. இது உயிருக்கே ஆபத்தான எண்ணம். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பற்றும். பெட்ரோல் உள்ள மூடிய தொட்டியில் ஆவி இவ்வளவைவிட மிக அதிகம். போதிய காற்றில்லாமல் அது எரிவதில்லை. வடித்த தொட்டியிலோ காற்று புகுந்துவிடுகிறது. 57 லிட்டர் தொட்டியில் 1.4 விழுக்காடு என்றால் 0.8 லிட்டர் ஆவி. அதைத் தர வேண்டிய பெட்ரோல் ஏறத்தாழ 4.5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு! ‘காலி’த் தொட்டியின் மூலையில் அவ்வளவு தங்காமலா இருக்கும்?

ஆகவேதான் தேர்ந்த மெக்கானிக் முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றுகிறார். திறந்த வெளியில் வேலை செய்கிறார். மிதவை அமைப்பின் பூட்டு வளையத்தைத் தட்டிக் கழற்ற, தீப்பொறி எழாத பித்தளைத் துண்டைப் பயன்படுத்துகிறார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். இந்த வேலையை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். அதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள், போதும்.

முடிவாக ஒரு கேள்வி: மிதவையில் சிறு துளை விழுந்து அதற்குள் பெட்ரோல் புகுந்துவிட்டது. தொட்டி நிறைய இருக்கும்போது முள் எதைக் காட்டும்? ஏன்?