ரவாங்: ஓர் ஊரும் அதன் பொதுச்சொத்தும்

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், சிலாங்கூர் மாநிலத்தின் கோம்பாக் மாவட்டத்தில் ரவாங் நகரம் அமைந்துள்ளது. ஒரு பக்கம் கன்சிங் காட்டு மலைகள். மறுபக்கம், முன்பு இரப்பர்த் தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்துள்ள வீடமைப்புப் பகுதிகள். இவ்வூரைக் கடந்து நாள்தோறும் பலர் வேலைக்குச் செல்கின்றனர். ஆனால், நம் நாட்டின் மின்சார வரலாறு இங்குதான் தொடங்கியது என்பதைச் சிலரே அறிவர்.

தொடக்கத்தில் ரவாங்கை வளர்த்தது ஈயம். ஈயக்குழியை ஆழமாகத் தோண்டத் தோண்ட அதில் நீர் ஊறித் தேங்கும். அந்நீரை இறைக்காவிட்டால் வேலை நின்றுவிடும். இச்சிக்கலைத் தீர்க்க, சுரங்கத் தொழிலில் கூட்டாளிகளாக இருந்த லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும் 1894ஆம் ஆண்டு ரவாங்கில் மின்னாக்கி ஒன்றை நிறுவினர். அதன் ஆற்றலால் நீரிறைக்கும் பம்புகள் இயங்கின. மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்டது இவ்வாறுதான்.

தம்புசாமி பிள்ளை 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். பத்துமலை முருகன் கோவில் தோன்றக் காரணமாக இருந்தவர். 1893இல் தொடங்கப்பட்ட விக்டோரியா கல்விக்கூடத்தின் நிறுவனர்களுள் ஒருவர். கோலாலம்பூரின் தூய்மையைக் கவனிக்க 1890இல் அமைக்கப்பட்ட சுகாதார வாரியத்திலும் பணியாற்றினார். தொழிலில் ஈட்டிய செல்வாக்கை ஊர்ப்பணிக்கும் பயன்படுத்திய அவர் 1902இல் மறைந்தார்.

மின்சாரத்திற்குச் சற்று முன்னரே, 1892இல், கோலாலம்பூரிலிருந்து ரவாங்கிற்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. ஈயத்தை ஏற்றிச் செல்வதே அக்காலப் பாதைகளின் முதன்மை நோக்கம். காட்டை வெட்டித் தண்டவாளம் பதித்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர். பின்னர் இரப்பர் விளைந்தபோது, தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களிலும் தமிழர்களே மிகுதியாக இருந்தனர்.

சுரங்கத்திற்காக வந்த மின்சாரமும் இரயிலும் அதோடு நின்றுவிடவில்லை. ஈயத் தொழில் மங்கிய பிறகும் அவை நிலைத்தன. மின்சாரம் வீடுகளையும் பள்ளிகளையும் அடைந்தது. 1995இல் மின்சாரத்தால் ஓடும் கொமுட்டர் இரயில் சேவை ரவாங்கை எட்டியது. இன்று மாணவர்களும் தொழிலாளர்களும் அதில் ஒன்றாகப் பயணம் செய்கின்றனர். சிலருடைய இலாபத்திற்காக வந்தவை காலப்போக்கில் எல்லாருக்கும் உரிய வசதிகளாயின.

பொதுச்சொத்தை யாரேனும் பராமரிக்க வேண்டும். ரவாங்கில் அப்பொறுப்பில் பெரும்பகுதி செலாயாங் நகராண்மைக் கழகத்தைச் சார்ந்தது. 1997ஆம் ஆண்டு முதல் நகராண்மைக் கழகமாக இயங்கும் இவ்வமைப்பு, சந்தை, பூங்கா, வடிகால் ஆகியவற்றைக் கவனிக்கிறது. வணிக உரிமங்களையும் வழங்குகிறது. வீட்டு உரிமையாளர்கள் ஆண்டுக்கு இருமுறை செலுத்தும் மதிப்பீட்டு வரி இதற்கு உதவுகிறது. கழக உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி, கழகத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் திறந்தவை. வரி செலுத்துவது கடமை என்றால், அவ்வரி எவ்வாறு செலவாகிறது என்று கேட்பது உரிமை.

ஊர் வளரும்போது தேவைகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. ரவாங்கின் போக்குவரத்து நெரிசலைக் குறைக்க மாற்றுச்சாலை தேவைப்பட்டது. ஆனால், வேறெங்கும் இயற்கையாக வளராத கியாம் கன்சிங் என்னும் மரம் கன்சிங் காட்டில் உள்ளது. காட்டை அழித்துச் சாலை போடுவதா, சாலையையே கைவிடுவதா? இரண்டையும் தவிர்த்து, சாலையின் ஒரு பகுதியை மரங்களுக்கு மேலே உயர்த்தி அமைத்தனர். உயரமான தூண்கள் தாங்கும் இச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. காலமும் செலவும் கூடின, காடு பிழைத்தது.

எல்லாச் சிக்கல்களும் இவ்வாறு நல்லபடியாக முடிவதில்லை. 2020 செப்டம்பரில் ரவாங் அருகேயுள்ள கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. கோங் ஆறு சிறியது; ஆனால், அதன் நீர் சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. மாசு பரவியதால் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு நீர் தடைப்பட்டது. கோவிட்-19 பரவிய அக்காலத்தில் கைகழுவவும் நீரின்றி மக்கள் வாளிகளுடன் வரிசையில் நின்றனர்.

ஒரு காலத்தில் தனியார் தேவைக்காக வந்த மின்சாரம் பொதுவானது. பின்னொரு காலத்தில், பொதுவான ஆறு சிலரின் அலட்சியத்தால் கெட்டது. ரவாங்கின் வரலாறு இவ்விரண்டையும் நமக்குக் காட்டுகிறது. வடிகாலில் எண்ணெயைக் கொட்டாமல் இருப்பது, ஆற்றில் துர்நாற்றம் வீசினால் உடனே புகார் செய்வது, கழகத்திடம் கேள்வி கேட்பது ஆகியவை சிறிய செயல்களாகத் தோன்றலாம். ஊரை ஊராக வைத்திருப்பவை இத்தகைய செயல்களே.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. ரவாங்கில் மின்னாக்கி நிறுவப்பட்டதற்கான காரணம் யாது?
2. மாற்றுச்சாலையை உயர்த்தி அமைத்ததால் விளைந்த நன்மையையும் அதற்குக் கொடுத்த விலையையும் விளக்குக.
3. உங்கள் ஊரில் பராமரிப்பு தேவைப்படும் பொதுச்சொத்து ஒன்றைக் குறிப்பிட்டு, அதன் தொடர்பில் ஊராட்சி மன்றத்திற்குப் புகார்க் கடிதம் எழுதுக.