பிரேக் மிதி இறங்குகிறதா? காரணத்தை அறிந்து சரிசெய்க

லால்குடி, ஸ்ரீரங்கம் பகுதிகளிலிருந்து வாழைத்தார், காய்கறிகளைத் தங்கள் பழைய பிக்கப் வண்டியிலேயே திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டு வரும் விவசாயிகள் பலர். இவ்வண்டிகளில் பிரேக் மிதி மெத்தென்று இறங்குவது அடிக்கடி காணும் கோளாறு. "இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கிறது" என்று பலர் அப்படியே ஓட்டுகின்றனர். பாரத்தோடு காவிரிப் பாலத்தைக் கடந்து வரும்போது, குறுக்கே ஒரு சைக்கிள் வந்தால் இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது.

மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே சென்று சக்கரங்களில் உள்ள பிரேக் ஷூக்களைத் தள்ளுகிறது. ஆயில் அழுத்தத்தால் சுருங்காது, காற்று சுருங்கும். எனவே ஆயிலில் காற்று கலந்தாலும், ஆயில் கசிந்தாலும் மிதி இறங்கும்.

சோதிக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பாரத்தை இறக்கி, சக்கரங்களுக்குக் கல் வைக்கவும். எஞ்சினை நிறுத்திய பின் சோதிக்கவும்.

1. மிதியை விரைவாக 3, 4 தடவை அழுத்தவும். முதலில் மெத்தென்று இருந்து, பிறகு உயர்ந்து கெட்டியானால் ஆயிலில் காற்று புகுந்துள்ளது. முதலிலேயே கெட்டியாக, ஆனால் மிகத் தாழ்வாக நின்று, பிறகு உயர்ந்தால் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். லைனிங் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

2. மிதியை ஒரே சீராக அழுத்தி அரை நிமிடம் வைத்திருக்கவும். மெல்ல மெல்ல இறங்கினால் கசிவு உண்டு. நான்கு சக்கரங்களின் உட்புறம், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள், மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம் ஆகிய இடங்களில் ஈரம் உள்ளதா எனப் பார்க்கவும். எங்கும் ஈரமின்றி, ஆயில் அளவும் குறையாமல் மிதி இறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கலாம். பம்ப்செட்டில் புட்வால்வு கசிந்தால் குழாயில் தண்ணீர் நிற்காததைப் போன்றதே இது.

வாக்கம் பூஸ்டர் உள்ள வண்டியில், மிதியை அழுத்தியபடி எஞ்சினை ஓடவிட்டால் மிதி சற்று இறங்கி நிற்பது இயல்பே, கோளாறு அன்று.

மலை இறக்கத்தில் கவனம்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய இறக்கத்தில் பிரேக்கையே அழுத்தி வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும். மிதி திடீரென இறங்கிவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் இந்த அளவு 140 டிகிரி வரை குறையலாம். ஆகவே 2 ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது நல்லது. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வர வேண்டும்.

காற்றை எடுத்தல்

கசிவைச் சரிசெய்த பிறகே காற்றை எடுக்க வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவர். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் தளர்த்த வேண்டும். குமிழியுடன் ஆயில் வெளிவரும். நிப்பிளை இறுக்கிய பிறகே மிதியை விட வேண்டும். குமிழி நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்க. இடையில் தொட்டியில் ஆயில் வற்ற விடக்கூடாது. வெளிவந்த ஆயிலை மீண்டும் ஊற்றக் கூடாது.

செய்யக்கூடாதவை

அவசரத்துக்கு எஞ்சின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் எதையும் தொட்டியில் ஊற்றக்கூடாது. ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். தொட்டியின் மூடியில் குறித்துள்ள வகை ஆயிலையே, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும். அடிக்கடி ஆயில் குறைந்தால் ஊற்றிக்கொண்டே ஓட்டாமல் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

ஓடும்போது பிரேக் பிடிக்காவிட்டால், மிதியை விடாமல் அடித்தபடி கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து வண்டியை ஓரம் கட்டவும். அதன் பிறகு வண்டியை ஓட்டக் கூடாது. மெக்கானிக்கை அங்கே வரவழைப்பதே பாதுகாப்பு. ஒரு நாள் சந்தை தவறினால் அடுத்த வெட்டில் ஈடுகட்டலாம்; உயிரை ஈடுகட்ட வழியில்லை. எனவே விவசாயிகள் பாரம் ஏற்றுமுன் நாள்தோறும் ஒருமுறை மிதியை அழுத்திப் பார்த்துப் புறப்படுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.