மரப் பலகைச் சுவர்: ஸ்க்ரூ எதைக் கடிக்கிறது?

ஹாலில் டி.வி. மாட்டும் சுவருக்கு பிளைவுட் அடித்து, மேலே வெனீரோ மைக்காவோ ஒட்டுவது இப்போது சாதாரண அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்துவிட்டது. பார்வைக்கு முழு மரச்சுவர். உள்ளே இருப்பதோ செங்கல் சுவரில் அடித்த ரீப்பர் சட்டமும், அதன்மேல் பொருத்திய 9 அல்லது 12 மி.மீ. பலகையும்தான். இரண்டு சட்டங்களுக்கு நடுவே வெறும் காற்று. இந்தச் சுவரில் எதையாவது மாட்டப் போகும்போது காதில் விழும் யோசனைகளில் பல, அந்தக் காற்றை மறந்துவிட்டுச் சொல்லப்படுபவை.

"பிளக் போட்டால் எங்கேயும் நிற்கும்"

நிற்காது. பிளக்கின் வேலையே விரிவதுதான். ஸ்க்ரூ உள்ளே போகப் போக அது பருத்து, துளையின் பக்கங்களை நெருக்கும். செங்கல்லும் கான்கிரீட்டும் அசைந்து கொடுக்காததால் பிடிப்பு கிடைக்கிறது. 1910-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் ராலிங்ஸ் உருவாக்கிய ராவல் பிளக்கும், 1958-இல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் கொண்டுவந்த நைலான் பிளக்கும் அப்படிப்பட்ட கெட்டிச் சுவர்களை நம்பியவை. 12 மி.மீ. பலகையில் 40 மி.மீ. பிளக்கைச் செருகினால் 28 மி.மீ. அந்தரத்தில் நிற்கும். ஸ்க்ரூவைத் திருகினால் பிளக்கும் கூடவே சுற்றும், இல்லாவிட்டால் பிளைவுட்டின் அடுக்குகளைப் பிளக்கும்.

மரத்துக்குப் பிளக்கே தேவையில்லை. ஸ்க்ரூவின் மரை நேராக நாரைக் கடித்துக்கொள்ளும். சட்டமே இல்லாத இடத்தில்தான் மாட்டியாக வேண்டும் என்றால், பலகைக்குப் பின்னால் போய் இறக்கை விரிக்கும் டாகிள் போல்ட் கேட்டு வாங்குங்கள். படம், சிறிய கண்ணாடி, சாவி மாட்டும் கொக்கி வரைக்கும் அது போதும்.

"டி.வி. 15 கிலோதானே, நாலு ஸ்க்ரூ தாங்காதா?"

எத்தனை கிலோ என்பதைவிட, அது சுவரிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பதுதான் கேள்வி. சுவரில் பதியும் பிராக்கெட் தகட்டின் உயரம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுவரோடு ஒட்டி, 5 செ.மீ. தள்ளி நிற்கும் டி.வி., மேல் ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை தோராயமாக 4 கிலோ. அதே டி.வி.யை முன்னால் இழுத்துத் திருப்புகிற கை பிராக்கெட்டில் மாட்டி 45 செ.மீ. வெளியே இழுத்தால், 15-ஐ 45-ஆல் பெருக்கி 20-ஆல் வகுங்கள்: கிட்டத்தட்ட 34 கிலோ. டி.வி. மாறவில்லை, ஸ்க்ரூ மாறவில்லை, இழுவை மட்டும் ஒன்பது மடங்கு. குழந்தை ஒன்று அதைப் பிடித்துத் தொங்கினால் கணக்கு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே கை பிராக்கெட்டும், புத்தகம் அடுக்கும் ஷெல்ஃபும் சட்டத்திலோ செங்கல்லிலோ நின்றாக வேண்டும். வெறும் பலகை போதாது. சட்டத்தில் போடுவதாக இருந்தால் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள்: தகடு 2, பலகை 12, மிச்சம் சட்டத்துக்கு. 35 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் 25 மி.மீ. ரீப்பரில் 21 மி.மீ. கடிக்கும். 19 மி.மீ. ஸ்க்ரூ வாங்கினால் சட்டத்துக்குள் போவது 5 மி.மீ.தான். இன்னொன்று: அந்த ரீப்பரே சுவரில் ஸ்க்ரூவில் நிற்கிறதா, ரெண்டு ஆணியில் நிற்கிறதா என்று ஆசாரியிடம் கேட்டுவிடுங்கள். ஆணியில் நிற்கிற சட்டத்தில் கை பிராக்கெட் மாட்டக் கூடாது.

"நீள ஸ்க்ரூ போட்டால் சுவரையே பிடித்துவிடும்"

இது பாதி உண்மை. பலகையும் இடைவெளியும் சேர்ந்து 37 மி.மீ. போன பிறகுதான் சிமென்ட் பூச்சு ஆரம்பிக்கும். பூச்சு ஒரு 12 முதல் 15 மி.மீ. அதற்கப்புறம் செங்கல்லில் 40 மி.மீ.யாவது வேண்டும். எல்லாம் சேர்ந்து 90 மி.மீ.யைத் தாண்டும், கடையில் எடுத்துக் கொடுக்கும் 50 மி.மீ. ஸ்க்ரூ பூச்சோடு நின்றுவிடும். நீளம் சரியாக இருந்தாலும் இறுக்க இறுக்கப் பலகை உள்வாங்கி வளையும். துளைக்குள் பலகையும் இடைவெளியும் சேர்ந்த அளவுக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டை வைத்து, அதன் வழியே ஸ்க்ரூவைச் செலுத்தினால் பலகை தப்பிக்கும்.

"கறுப்பு ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் ஆகும்"

அது ஜிப்சம் போர்டுக்கானது. கடினமாக்கிய இரும்பு என்பதால் பாரம் ஏறும்போது வளைந்து எச்சரிக்காமல் கழுத்தில் பட்டென்று ஒடியும். கடற்கரை ஊர்களில் துருவும் சீக்கிரம் ஏறும். பிராக்கெட்டுக்குத் தட்டையான அடிப்பக்கம் உள்ள தலையோடு மர ஸ்க்ரூ, உப்புக் காற்று வீசும் வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஸ்க்ரூவை முக்கால்வாசி சுத்தியலால் அடித்துவிட்டு, கடைசியில் ரெண்டு சுற்று திருகுவது நம் ஊர் வேகம். அடிக்கும்போது மரை நாரைக் கிழித்துக்கொண்டு போகிறது. பிறகு திருகுவது வெறும் சாஸ்திரத்துக்கு. எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு தேக்கில் 3 மி.மீ., பிளைவுட்டில் 2.5 மி.மீ. துளை போட்டுத் திருகச் சொல்லுங்கள். எம்.டி.எஃப். பலகையில் ஒரு தடவை மரை பிய்ந்தால் அந்தத் துளை அவ்வளவுதான், இடத்தை மாற்றுங்கள்.

சட்டம் எங்கே என்று தெரியாவிட்டால் கெட்டிக் காந்தம் ஒன்றை நூலில் கட்டிப் பலகைமேல் மெல்ல நகர்த்துங்கள். மைக்காவுக்கு அடியில் ஆணித் தலைகள் இருக்கும் வரிசையில் அது ஒட்டும். ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் மட்டும் டிரில் வைக்க வேண்டாம். ஒயர் போகும் வழி அது.

இனிமேல்தான் பலகை அடிக்கப்போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. டி.வி. வரும் இடத்தில் சட்டங்களுக்கு நடுவே 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றைச் சுவரோடு சேர்த்து முடுக்கச் சொல்லுங்கள். பலகை மூடுவதற்கு முன், அளவு டேப்பைச் சட்டத்தின்மேல் விரித்து வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.