கடைத் தளத்துக்கு எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

"இணையதளம் போட்டாச்சு, கூகுளில் தேடினால் வரமாட்டேன் என்கிறதே" என்று கேட்கும் இளம் வியாபாரிகளுக்குத்தான் இது. நான் கோவை கிரைண்டரை வைத்துச் சொல்கிறேன். உங்கள் சரக்குக்கு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

1. என்ன எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வாடிக்கையாளர் கேட்பதை அவர் கேட்டபடியே குறித்துக்கொள்ளுங்கள். "நாலு பேருக்கு ரெண்டு லிட்டர் போதுமா?" "டேபிள் டாப் வாங்கலாமா, சாய்க்கிறது வாங்கலாமா?" ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், அந்தக் கேள்வியே தலைப்பு. 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று யாரும் தேடுவதில்லை.

2. பதிலில் உங்கள் பட்டறை தெரிய வேண்டும். பெல்ட் தளர்ந்தால் வெறும் பாத்திரம் ஒழுங்காகச் சுற்றும், அரிசியைப் போட்டதும் திணறும். கிரைண்டரைக் கழற்றிப் பார்த்தவருக்குத்தான் இது தெரியும். கழற்றும்போதே போனில் நாலு படம் எடுத்துச் சேருங்கள். 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டுக் கையேட்டில் 'அனுபவம்' என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. பயனில்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்து கொட்டுவதை 2024 மார்ச்சில் விதிமீறல் என்று அறிவித்தது. ஏஐயிடம் நூறு கட்டுரை வாங்கி ஏற்ற நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

3. விலையை மறைக்காதீர்கள். அமெரிக்காவில், வர்ஜீனியாவில் நீச்சல்குளம் அமைத்துக் கொடுக்கும் ரிவர் பூல்ஸ் நிறுவனம் 2008 பொருளாதார நெருக்கடியில் தள்ளாடியது. பங்குதாரர் மார்கஸ் ஷெரிடன், ஃபைபர்கிளாஸ் குளத்துக்கு என்ன செலவாகும், அதில் என்னென்ன குறை என்று மற்றவர்கள் வாய் திறக்காத கேள்விகளுக்கெல்லாம் தளத்தில் பதில் எழுதினார். தேடியவர்கள் அங்கே வந்தார்கள், நிறுவனம் பிழைத்தது. நீங்களும் துல்லியமான தொகை போட வேண்டியதில்லை. எது விலையை ஏற்றும், எது இறக்கும் என்று சொன்னால் போதும். போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவாரே என்கிறீர்களா? அவருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும்.

4. தமிழிலும் எழுதுங்கள், பேச்சில் புழங்கும் சொல்லிலேயே.

5. தினம் ஒன்று என்று ஆரம்பித்துப் பொங்கலுக்குள் ஓய்ந்துபோகாதீர்கள். மாதம் இரண்டு முடியுமென்றால் இரண்டே போதும், விடாமல் வரட்டும். அடிக்கடி எழுதுகிறார் என்பதற்காக மட்டும் கூகுள் யாரையும் மேலே தூக்கிவிடாது. பழைய பக்கத்தில் தேதியை மட்டும் மாற்றுவதும் வீண்வேலை. விலை ஏறியதா, அந்த மாடல் நின்றுவிட்டதா, உள்ளே போய்த் திருத்துங்கள்.

6. ஒவ்வொரு கட்டுரையிலும் பொருளின் பக்கத்துக்கு இணைப்பு, கீழே வாட்ஸ்அப் எண். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

7. கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். எதைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று 16 மாதக் கணக்கு அதில் கிடைக்கும். தேடலில் இரண்டாம் பக்கத்தில் நிற்கும் கட்டுரையை முதலில் செப்பனிடுங்கள்; புதிது எழுதுவது அப்புறம்.

8. 'ஒரே மாதத்தில் முதலிடம்' என்று போன் வரும், வைத்துவிடுங்கள். பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். தேடலில் மேலே வருவதற்காகக் காசு கொடுத்துப் பிற தளங்களிலிருந்து இணைப்பு வாங்குவது கூகுள் விதிக்கு விரோதம். மாட்டினால் தேடலிலிருந்தே தளம் காணாமல் போகலாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல போட்டோகிராபரை ஒரு நாள் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள்.