அமெரிக்காவில் அகதிக்கு அரசு உதவி உண்டா?

கேள்வி: அமெரிக்கா அகதியாக ஏற்றுக்கொண்ட குடும்பத்துக்கு அரசின் உணவு, மருத்துவ உதவிகள் வந்தவுடன் கிடைக்குமா? மற்றக் குடியேறிகளுக்கு என்ன விதி?

பதில்: உதவி இரு வழிகளில் வருகிறது. முதலாவது, அகதிகளுக்கென்றே உள்ள உதவி. 1980-ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் இதற்கெனத் தனி அலுவலகத்தை ஏற்படுத்தியது. பொதுத் திட்டங்களில் இடம் கிடைக்காத அகதிகளுக்கு அது குறிப்பிட்ட காலம் பணமும் மருத்துவ உதவியும் அளிக்கிறது. அந்தக் காலம் 12 மாதமாக இருந்தது. 2025 மே 5 முதல் தகுதி பெறுவோருக்கு அது 4 மாதம்தான்.

இரண்டாவது, ஏழைகள் எல்லாருக்குமான திட்டங்கள்: உணவுக்கு ஸ்னாப், மருத்துவத்துக்கு மெடிக்கெய்ட், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எஸ்.எஸ்.ஐ. இவற்றில் குடியேறிகளில் யார் சேரலாம் என்பதை 1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் வரையறுத்தது. கிரீன் கார்டு பெற்றவர், அகதி, தஞ்சம் வழங்கப்பட்டவர் முதலியோர் தகுதிப் பட்டியலில் இடம்பெற்றனர். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவரும் ஆவணம் இல்லாதவரும் அதில் இல்லை. கிரீன் கார்டு பெற்றவரும் பொதுவாக 5 ஆண்டு காத்திருக்க வேண்டும். அகதி, தஞ்சம் வழங்கப்பட்டவர் முதலியோருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. உயிருக்கு அஞ்சி வந்தவருக்குக் கைச்சேமிப்பு இராது, உடனே வேலையும் அமையாது. அதனால் இந்த விலக்கு நியாயமானது. ஆனால் எஸ்.எஸ்.ஐ. அவருக்கு 7 ஆண்டு வரைதான். அதற்குள் குடியுரிமை பெறாவிட்டால் பொதுவாக நின்றுவிடும்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் நிலைமையை மாற்றிவிட்டது. அகதிகளும் தஞ்சம் பெற்றவர்களும் கிரீன் கார்டு பெறும்வரை ஸ்னாப்பில் சேர முடியாது. சில விலக்குகளுடன் இதே வரம்பு 2026 அக்டோபர் 1 முதல் மெடிக்கெய்டுக்கும் வருகிறது. அமெரிக்காவில் ஓராண்டு வாழ்ந்த பிறகே அகதி கிரீன் கார்டு பெற முடியும். ஆக, உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் முதல் ஆண்டிலேயே அது மறுக்கப்படுகிறது. அடைக்கலம் தந்த நாடு இப்படிச் செய்வது தகாது.

கேள்வி: அப்படியானால் எஞ்சியிருப்பவை எவை?

பதில்: உயிர் காக்கும் அவசர சிகிச்சைக்கு யாருக்கும் தடையில்லை. பள்ளி மதிய உணவும், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கான ஊட்டச்சத்துத் திட்டமும் அகதிக் குடும்பங்களுக்குத் தொடர்கின்றன. ஆவணம் இல்லாத குழந்தைக்கும் அரசுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. ஓராண்டு நிறைந்ததும் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பதில் தாமதம் கூடாது. அகதியாக வந்து கிரீன் கார்டு பெற்றவருக்கு 5 ஆண்டுக் காத்திருப்பு இல்லை.